முதல் வரியில் பிள்ளையார்

தப்பு எந்த வரியில் என்று கம்ப்யூட்டரே கையைப் பிடித்துக் காட்டினாலும் நம்பாதவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு நான்தான் தலைவி.

அப்போது மகளுக்கு ஒன்றரை வயது. பெரம்பலூரில் வீட்டிலிருந்தபடியே பார்க்கிற மாதிரி ஒரு வேலை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அரியலூர் டியூஷன் சென்டர் ஒன்றுக்கு, மாணவர்கள் லாகின் செய்து மதிப்பெண் பார்க்கும் இணையதளம். அது ஓடினால் வேலை எனக்கு. ஓடாவிட்டால், "புள்ளைய விட்டுட்டு அப்புடி என்ன வேல?" என்று கேட்கும் நாத்தனார் ஜெயித்துவிடுவார்.

என் லேப்டாப்பில் அருமையாக ஓடியது. (வீட்டில் என் பேச்சைக் கேட்கிற ஒரே ஆள் அதுதான்.)

அரியலூருக்குப் போய், சென்டர் உரிமையாளர் கண்முன்னே சர்வரில் ஏற்றி, லாகின் பொத்தானை அழுத்தினேன். அடுத்த பக்கத்துக்குப் பதிலாக ஓர் எச்சரிக்கை வந்தது. அடுத்த பக்கத்துக்கு அனுப்பும் உத்தரவுக்கு முன்பே, முதல் வரியிலிருந்து ஏதோ திரைக்குப் போய்விட்டதாம்.

முதல் வரியா? இருக்கவே இருக்காது. பாஸ்வேர்டை மாற்றினேன். டேட்டாபேஸை அழித்துத் திரும்ப ஏற்றினேன். மகள் கீபோர்டில் தாளம் போட்டது ஞாபகம் வர, பழியை அவள்மேல் போட்டேன். சிறுவாச்சூர் காளிக்கு வேண்டிக்கொண்டு மறுபடி அழுத்தினேன். அதே முதல் வரி.

"அந்த மொத வரில என்னதாம்மா இருக்கு?" என்றார் உரிமையாளர்.

"ஒண்ணுமில்லீங்க சார். பிள்ளையார் சுழிதான்."

பரீட்சைத் தாள் முதல் மளிகைச் சீட்டு வரை 'உ' போடாமல் நான் எதையும் தொடங்கியதில்லை. ப்ரோகிராம் இங்கே தொடங்குகிறது என்று சொல்லும் குறிக்கும் மேலே போட்டிருந்தேன். குறிக்கு வெளியே இருப்பது கம்ப்யூட்டருக்கு உத்தரவு இல்லை, காட்ட வேண்டிய எழுத்து. அது நேராகத் திரைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. என் லேப்டாப் அனுசரித்துப் போனது, சர்வர் போகவில்லை.

"அப்ப அத எடுத்துடுங்க."

"பிள்ளையார எப்புடி சார்... நீங்க சொன்னா எடுக்குறேன்."

"யம்மா, நான் சொன்னேன்னு எடுக்காதீங்க! பிள்ளைங்களுக்குப் பரீட்ச வருது." நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

படித்த இரண்டு பேர் ஓர் எழுத்தைப் பார்த்துக்கொண்டு கைகட்டி உட்கார்ந்திருந்தோம். கடைசியில் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சுழியைக் குறிக்கு உள்ளே, இரண்டாம் வரிக்கு நகர்த்தி, கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப்போகும் குறிப்பாக வைத்தேன். பக்கம் திறந்தது. வேலையும் கிடைத்தது.

இன்றும் எங்கள் வீட்டில் மோட்டார் ஓடாவிட்டால், "மொத வரியப் பாத்தியா?" என்பார் கணவர். நாத்தனார் சிரிப்பு தெருவரை கேட்கும்.

போன வாரம் மகளின் பள்ளியில் கூப்பிட்டார்கள். நோட்டில் இரண்டாம் வரி நடுவே 'உ' போடுகிறாளாம். ஏன் என்று கேட்ட டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள்:

"மேல போட்டா ஓடாது மிஸ். எங்கம்மாவுக்கு ஓடல."