கேமராவுக்கு ஒரு பருப்பு டப்பா

என்னை நானே அறிவாளி என்று நினைத்துக்கொண்ட நாட்களில்தான் என் பெரிய முட்டாள்தனங்கள் எல்லாம் நடந்திருக்கின்றன. அவற்றில் முதலிடம் பருப்பு டப்பாவுக்கு.

மர்பி டவுன் வாடகை வீட்டுக்குக் குடிவந்த புதிது. மனைவி கலாவுக்கு எட்டாவது மாதம். எனக்கு வைட்ஃபீல்டில் ஆபீஸ். பகல் முழுக்க அவள் தனியாக இருப்பாள். வாசலை ஆபீஸிலிருந்தே போனில் பார்க்க ஒரு கேமரா வாங்கினேன். வீட்டுக்குள் வைக்கிற ரகம். (விலை குறைவு. வேறு காரணம் வேண்டுமா?)

"வெளிய மாட்டணும்னா அதுக்குன்னு பாக்ஸ் இருக்கு சார். ரப்பர் பட்டை போட்டிருக்கும், ஈரம் நிக்காம மூச்சு விட வழியும் இருக்கும்" என்றார் கடைக்காரர்.

பெட்டி எதற்கு மூச்சு விட வேண்டும்? சிரித்துவிட்டு வந்தேன். ஒரு மழை நாளில் கேமராவை உள்ளிருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பருப்பு டப்பாவுக்குள் வைத்து, காற்றுகூட நுழையாதபடி மூடியைச் சுற்றி சிலிகான் பூசி, கேட்டைப் பார்த்தபடி வாசல் சுவரில் மாட்டினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கேட் ஓரமாக வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மறுநாள் அதற்குத் தோள் வந்திருந்தது. அதற்கடுத்த நாள் தலை. வெள்ளைப் புடவையில் ஒரு பெண், அசையாமல், வீட்டையே பார்த்தபடி. தெருவில் போன ஸ்கூட்டர் அவளுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. காலை வெயில் ஏறியதும் அவளைக் காணோம். பிள்ளைத்தாய்ச்சியிடம் இதை எப்படிச் சொல்வது? நான் மட்டும் மணிக்கு நாலு தடவை போனைத் திறந்து பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் வேன் டிராஃபிக்கில் நின்றபோது போனைப் பார்த்தேன். அவள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்திருந்தாள். கலாவுக்கு நாலு முறை அடித்தேன், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு பஷீர் பாயைப் போனில் கூப்பிட்டேன்.

"பாய், எங்க வீட்டுக்கு ஓடுங்க! யாரோ உள்ள வந்துட்டாங்க!"

பாய் ஹாக்கி மட்டையோடும், எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா ஜெபமாலையோடும் ஓடி வந்ததைப் போனில் பார்த்தேன்.

"இங்க யாருமே இல்லையே தம்பி."

"பாய்... உங்க பக்கத்துலதான் நிக்கிறா. தோளோட தோள் ஒட்டி."

பாய் மெதுவாகத் தன் தோள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு "யா அல்லா!" என்று ஒரு அலறல். மட்டை ஒரு பக்கம் பறந்தது. ஓடத் திரும்பிய பாய் அக்காமேல் மோத, இருவரும் செம்பருத்திச் செடிக்குள் விழுந்தார்கள். அவள் மட்டும் அசையவே இல்லை.

சத்தம் கேட்டு, குளித்த ஈரத்தலையில் துண்டோடு கலா வெளியே வந்தாள். தம்பி அதில்தான் பார்த்தார் என்று பாய் கேமராவைக் கைகாட்ட, நேராக டப்பாவிடம் வந்து மூடியைப் பிடித்து இழுத்தாள். என் சிலிகான் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. தலையிலிருந்த துண்டால் டப்பாவின் உள்பக்கத்தைத் துடைத்தாள்; என் திரை முழுக்கத் துண்டு. துண்டு விலகியதும் கேட் பளிச்சென்று தெரிந்தது. வெள்ளைப் புடவைக்காரி போய்விட்டிருந்தாள்.

அப்புறம் போன் வந்தது. "ஏங்க, டப்பாவுக்குள்ள பூரா வேர்த்துக் கிடக்கு. இதுக்கா ஊரைக் கூட்டினீங்க?"

மழை நாளின் ஈரத்தை நானே உள்ளே வைத்து அடைத்திருக்கிறேன். சாயங்காலக் குளிரில் அது பிளாஸ்டிக்கில் படிந்து புடவை கட்டிக்கொண்டது. மறுநாளே போய்க் கடைக்காரர் சொன்ன பெட்டியை வாங்கினேன். அவர் மூச்சு விடும் வழியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் பில் போட்டார். அதுதான் அதிகம் வலித்தது.

மகள் இப்போது யூகேஜி. நான் எதற்காவது பதறினால், "மொதல்ல தொடச்சிட்டுப் பாருங்க" என்கிறாள் கலா. மகளும் கூடச் சேர்ந்து சொல்கிறாள். ரம்ஜான் பிரியாணியோடு வரும்போதெல்லாம் பாய் இந்தக் கதையைச் சொல்லி எங்களைச் சிரிக்க வைக்கிறார். ஆனால் கேட்டுக்குள் நுழைந்ததும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு ஒதுங்கித்தான் நடப்பார்.

"எதுக்கு தம்பி வம்பு?" என்பார்.

நான் அவரைக் கிண்டல் செய்வதில்லை. அந்த இடத்தை நானும் இன்றுவரை மிதித்ததில்லை.