மூடாத மாப்பிள்ளை

"இன்னும் அழிங்க. இடம் பத்தலை" என்றார் மேலாளர்.

அவனும் காலையிலிருந்து அழித்துக்கொண்டுதான் இருந்தான். ஊராரின் குரல் பதிவுகளைச் சேமித்து வைக்கும் சின்ன நிறுவனம் அது. அழிக்க அழிக்க இடம் குறைந்துகொண்டே போனது. என்ன எழவோ, ஒன்றும் பிடிபடவில்லை.

அவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். திறந்ததை மூடத் தெரியாத மனுஷன். குழாய், அலமாரி, எண்ணெய் பாட்டில், எதுவானாலும் சரி. மாமனார் இருந்தவரை தினமும் குரல் செய்தி அனுப்புவார்: "மாப்பிள்ளை, கேஸை மூடினீங்களா?" அவர் காலமான பிறகு அந்தச் செய்திகளை மனைவிக்காக 'மாமனார்' என்ற பெயரில் அலுவலகச் சேமிப்பிலேயே ஓசியில் வைத்திருந்தான். கணக்கில் வராத சரக்கு. அதனால் வேறெங்கும் நகல் கிடையாது.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, சாயங்காலம் அப்பா குரலை எடுத்துட்டு வாங்க. மனசே சரியில்லை."

"கண்டிப்பா எடுத்துட்டு வரேன்மா."

'மாதிரி' என்று தொடங்கும் சோதனைப் பதிவுகள் ஏகத்துக்குக் கிடந்தன. அவற்றைத் தொலைத்துக்கட்ட ஓர் இட்டரேட்டரைத் திறந்தான். சேமிப்பில் இருப்பதை அகர வரிசைப்படி ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவது அதன் வேலை; அது நீட்டியதெல்லாம் அழியும். எங்கே தொடங்கவேண்டும் என்று சொன்னான். எங்கே நிற்கவேண்டும் என்று சொல்லவில்லை. அது பாட்டுக்கு 'மாதிரி'யை முடித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டது. அவன் பதறி நிறுத்துவதற்குள் 'மாமனார்' இரண்டாம் முறையும் போய்ச் சேர்ந்தார்.

அந்த மனிதர் பேசியதில் ஒன்றையாவது முழுசாகக் கேட்டிருக்கலாமே என்று நொந்துகொண்டான்.

இத்தனைக்கும் இடம் ஒரு துளி கூடவில்லை.

எதிர் மேசையில் பதிவுகளைச் சரிபார்க்கும் பெண் எட்டிப் பார்த்தாள். "சார், போன வாரம் கணக்கெடுக்க ஒரு இட்டரேட்டர் திறந்தீங்களே. மூடினீங்களா?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அதானே பாத்தேன். அது திறந்து கிடக்கிற வரைக்கும் நீங்க எதை அழிச்சாலும் இடம் கிடைக்காது."

அடுத்த நொடியே மூடினான். சேமிப்பு பழசையெல்லாம் வாரிக் கொட்டியது. இடம் மளமளவென்று கூடியது. மேலாளர் வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அவன் மட்டும் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். என்ன ஆச்சு என்று கேட்ட எதிர் மேசைப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னான்.

"வாழ்க்கையிலேயே இன்னைக்குத்தான் ஒண்ணை ஒழுங்கா மூடியிருக்கேன். அதைச் சொல்லிக்கக்கூட மாமா இல்லை, அவர் குரலும் இல்லை. வீட்டுக்குப் போய் அவ முகத்துல எப்படி முழிக்கிறது?"

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அந்த ஒண்ணை மட்டும் மூடாம விட்டிருக்கலாமே சார். போன வாரம் இருந்ததையெல்லாம், உங்க மாமனாரையும் சேர்த்து, நீங்க மூடற வரைக்கும் அதுதான் பத்திரமா கையில வச்சிருந்துச்சு."