அறியும் ஆசாமி

மார்புர்க்,
திங்கட்கிழமை

அன்புள்ள வால்ட்ரவுட் அத்தைக்கு,

பிறந்தநாளுக்குக்கூட நாலு வரி எழுதாதவள் இப்போது எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வியாழக்கிழமை என் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு. தலைப்பு 'அறியும் ஆசாமி'. ஒன்றை அறியும்போது 'எனக்குத் தெரியும்' என்கிறோமே, அப்படிச் சொல்கிற அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி. தத்துவத் துறையில் அவருக்கு ஆசாமி என்று பெயர். நம் ஊரிலோ அந்தச் சொல்லைப் போலீஸ்காரர் மட்டும்தான் சொல்வார், அதுவும் யாரையாவது தேடும்போது. அதனால் அப்பா, கூரைக்கு ஓடு வேயப் போகிற வீட்டிலெல்லாம், மகள் பல்கலைக்கழகத்தில் திருடனைப் பிடிக்கப் படிக்கிறாள் என்று சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை. என் படிப்பைப் பற்றி அவர் வாய் திறந்ததே அதுதான் முதல் தடவை.

முந்தாநாள் அப்பா, ரொட்டிக்கடை ஹெட்விக் அம்மாவை ரயிலேற்றி என் அறைக்கே கூட்டிவந்துவிட்டார். அந்த அம்மாவின் சைக்கிளைக் காணோம்.

"தபால்கார ரூடிதான் எடுத்தான். எனக்குத் தெரியும்."

"பாத்தீங்களா?"

"பாக்கல. தெரியும்."

எனக்கு வருகிற ஒரே வேலையைச் செய்தேன். "தெரியும்னு சொல்றது யாரு?"

"யாரா? நான்தான்டி. எதிர்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே."

"அப்ப உங்ககிட்டயிருந்தே ஆரம்பிப்போம். கடைசியா எங்க விட்டீங்க?"

ஹெட்விக் அம்மா யோசித்தார். மெல்ல முகம் சிவந்தது. மழை பிடித்துக்கொண்டதால் தேவாலயச் சுவரில் சாய்த்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருக்கிறார்.

"ஒரே கேள்வி," என்றார் அப்பா. "நாம தேடின ஆசாமி நீயேதான் ஹெட்விக். ரூடிக்கு ரெண்டு கேக்கு குடுத்துடு."

விஷயம் முற்றிவிட்டது அத்தை. வியாழக்கிழமை நான் யாரையோ விசாரிக்கப்போவதாக நினைத்து, அப்பா பீர்க்கடைக் கூட்டாளிகள் நாலு பேரோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். விசாரணை எனக்கல்லவா, அதுவும் மூன்று பேராசிரியர்கள் முன்னால். அப்பா பின்னாலிருந்து குரல் கொடுத்தால் எனக்கு நா எழாது. நீங்கள் சொன்னால்தான் கேட்பார். இது போலீஸ் சமாச்சாரம் இல்லை என்று பக்குவமாகச் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

மாமாவுக்கும் நாய்க்கும் என் அன்பு. ஈரத்தில் நிற்காதீர்கள்.

உங்கள்
அன்னெக்ரெட்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அப்பாவின் அஞ்சலட்டை வந்தது. "கோட்டை இஸ்திரிக்குக் குடுத்திருக்கேன். நாங்க யாரும் வாய் தெறக்க மாட்டோம். கதவோரமா நின்னுக்கறோம்." மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். நீங்களும் கூட வந்து, அவரைக் கதவோரம் நிற்கவிடாமல் முதல் வரிசையில் உட்காரவையுங்கள். அந்த அறையில் என்னை அறிந்த ஆசாமி ஒருவராவது இருக்கட்டும்.