இருசம்மாள் முகத்தில் பொட்டு

சிதம்பரம் ஓவியக்கூடத்தின் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களும் பொதுமக்கள் பார்வையிலிருந்து காப்பாற்றப்பட்டு, ஒரே தொடுதிரைக்குள் ஏற்றப்பட்டன. அசல்கள் பின்னறையில் பூட்டப்பட்டன. "இனி ஓவியமே உங்களைத் தேடி வரும்" என்றது வாசல் பலகை.

தேவனாம்பட்டினத்து மீன் வியாபாரி காத்தவராயனைத் தேடி எந்த ஓவியமும் வரவில்லை. அவர்தான் பஸ் ஏறி வந்தார். நாற்பது வருஷத்துக்கு முன் கடற்கரைக்கு வந்த ஓர் ஓவியர், கூடையோடு நின்ற அவர் அம்மா இருசம்மாளை வரைந்துகொண்டு போயிருந்தார்; அந்தப் படம் இங்கேதான் இருந்தது. வீட்டிலிருந்த ஒரே போட்டோவைச் சுனாமி கொண்டுபோனது. அம்மாவின் முகம் நினைவிலிருந்து நழுவிக்கொண்டே போவது, ஏலத்தில் ஒரு மத்தி மீனைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷனுக்குத் தாங்கவில்லை.

திரையில் அம்மா வந்தாள். கூடை தெரிந்தது, புடவைக்கட்டு தெரிந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"என்னா சார் இது?"

"ஆயுத பூஜைக்கு வச்சது," என்றார் காப்பாட்சியர் சிவபிரசாத், பக்தியோடு.

"பூசை முடிஞ்சு நாலு நாளாச்சு. தொடச்சு வுடுங்க."

"வச்ச பொட்ட யாராவது அழிப்பாங்களா?"

"அப்ப படத்தக் கொஞ்சம் நவுத்துங்க."

"நவுத்துற பட்டன் பொட்டுக்கு அடியில இருக்கு."

"அசலக் காட்டுங்க."

"திரை பழுதானாத்தான் அசலக் காட்டலாம்னு விதி. திரை பழுதாகல. மங்களகரமா இருக்கு."

காத்தவராயன் துண்டை உருவினார். அப்போதுதான் திரையின் அடியில் ஒரு சிரிக்கிற பொம்மை பட்டனைப் பார்த்தார். பக்கத்தில், 'மகிழ்ந்த பார்வையாளர்: 3. இலக்கு: 100.'

"இது எதுக்கு?"

"மாசக் கடைசிக்குள்ள நூறு பேரு மகிழ்ந்தாகணும். கடலூர் ஆபீசுலேர்ந்து தெனமும் கேக்குறாங்க." சிவபிரசாத்தின் குரல் இறங்கியது.

குரல் இறங்கினால் விலை இறங்கும். அது காத்தவராயனுக்குத் தெரியும்.

"பத்து தடவ அமுக்குறேன். கதவத் தொறங்க."

"அறுவது."

"நேத்து செத்த சூர மீனுக்கு இம்மாம் வெலயா? ஜாஸ்தி சார். இருவது."

"அம்பது. ஒரு நிமிஷம் காட்டுறேன்."

முப்பத்தைந்தில் முடிந்தது. காத்தவராயன் பல்லைக் கடித்துக்கொண்டு பொம்மையைக் குத்தினார். முப்பத்தைந்து பேர் மகிழ்ந்தார்கள்.

பின்னறை திறந்தது. சுவரோரம் அம்மா நின்றாள். சிவபிரசாத் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு நிமிஷம் பார்த்தால் ஒரு நிமிஷத்தோடு சரி. படம் பிடித்தால் ஆயுசுக்கும். வியாபாரி மூளை கணக்குப் போட்டது. பேசுவதற்கு மட்டுமே பழகிய போனில் கேமராவைத் தேடியே அரை நிமிஷம் போயிற்று. போனில் மஞ்சளாகத் தெரிந்ததை, பின்னறை பல்பு என்று நினைத்துக்கொண்டார். மீதி அரை நிமிஷத்தில் பதினாறு படம். போனிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கதவு மூடியது.

"நம்மகிட்ட ஏமாந்துட்டாரு ஆபீசரு," என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே, புதுச்சத்திரம் தாண்டும்போது போனைத் திறந்தார். பதினாறிலும் ஒரே மஞ்சள். நடுவில் சிவப்பு.

துண்டால் திரையைத் துடைத்தார். போகவில்லை. போனைத் திருப்பினார். ஆயுத பூஜையன்று தராசுக்கும் வேனுக்கும் ஐஸ்பெட்டிக்கும் வைத்த கையோடு போனுக்கும் வைத்த பொட்டு, கேமராக் கண்ணில் காய்ந்து உட்கார்ந்திருந்தது.

"தொடச்சு வுடுங்க மாமா, அடுத்த தடவையாச்சும் நல்லா வுழும்," என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

காத்தவராயன் அவரை முறைத்தார்.

"வச்ச பொட்ட எவனாவது அழிப்பானா?"