எட்டு வருஷத்து முதுகுவலி

"எந்தப் பக்கம் சார் வலிக்குது?" என்று புது மேலாளர் கேட்டார்.

முதுகுக்காரருக்குத் திக்கென்றது. எட்டு வருடமாக இந்த ஒரு முதுகுவலியை வைத்துத்தான் அவர் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார். இதுவரை ஒருவர்கூடப் பக்கம் விசாரித்ததில்லை. வலி என்றால் "ஐயோ பாவம்" என்பார்கள், ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார்கள், அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

"இடது பக்கம்... இல்ல, நடுவுல... அப்படியே பரவலா, மேடம்" என்றார்.

அன்று அலுவலகம் இரண்டாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. ஆளுக்கு இருபது கோப்புக் கட்டு என்று பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். தபால் பிரிவில் கடிதங்களுக்கு எண் போட்டு உறையில் இடுவது முதுகுக்காரரின் வேலை. காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு ஒரு தடவை, வீட்டுக்குப் போக ஒரு தடவை எழுந்திருப்பார். அவர் இல்லாத நாளிலும் அந்த நாற்காலி மெத்தையில் அவர் உட்கார்ந்திருப்பது போலவே ஒரு பள்ளம் இருக்கும்.

தோளில் கட்டோடு படியிறங்கிய கணக்கர் சும்மா போகவில்லை. "சாருக்கு முதுகுவலி நேரம் பாத்துதான் வரும் மேடம். லாரி வந்தா வரும், ஏணிய எடுத்தா வரும். சாப்பாட்டு மணிக்கு மட்டும் வராது."

முதுகுக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிண்டல் செய்கிறவர்களை அவர் சமாளித்துவிடுவார். அக்கறை காட்டுகிறவர்களிடம்தான் மாட்டிக்கொள்வார். மேலாளர் இரண்டாவது ரகம்.

"எனக்கும் இந்தப் பிரச்சினை இருந்துச்சு சார். விளையாட்டா விடக்கூடாது. ஒரு டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவாங்க. உங்களுக்குத் தூக்குற வேலையே கிடையாதுன்னு நிரந்தரமா எழுதி வச்சுடறேன்."

நிரந்தரமா! முதுகுக்காரருக்கு மனசுக்குள் குளிர்ந்துவிட்டது. "அடுத்த வாரம் கொண்டுவந்துடறேன் மேடம்."

"அடுத்த வாரம் எதுக்கு? இப்பவே போங்க. ஆபீஸ் வண்டி கீழதான் நிக்குது."

குளிர்ந்தது உடனே உறைந்துபோனது. "அது... வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தார். சொல்லி முடிப்பதற்குள் மேலாளர் அவருடைய வீட்டு எண்ணை வாங்கிப் போனைப் போட்டுவிட்டார். அதுவும் அறை முழுக்கக் கேட்கும்படி.

"அவருக்கு என்னங்க ஆச்சு?" மனைவியின் குரல் பதறியது. "குனிஞ்சாரா? எதையாவது தூக்கினாரா?"

"ஒண்ணும் ஆகலைங்க. டாக்டர்கிட்ட அனுப்பலாம்னுதான்..."

"தயவுசெஞ்சு தூக்க மட்டும் விடாதீங்க மேடம். இங்க ஒரு காய்கறிப் பையைக்கூட நான் அவர் கையில குடுக்கறதில்ல."

அடுத்த கட்டை எடுக்க வந்திருந்த கணக்கர் இருமினார். அது சளி இருமல் இல்லை என்று முதுகுக்காரருக்குத் தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன்னால், இப்போதிருக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிபோன நாளில், படிக்கட்டில் ஒரு இரும்பு அலமாரி நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் வாயில் தன்னால் வந்த வார்த்தை, "ஆ... இடுப்பு." அன்றைக்கு மட்டும் என்றுதான் நினைத்தார். நாலாம் நாள் "சரியாயிடுச்சு" என்று சொல்ல வாயைக்கூடத் திறந்தார். அதற்குள் அவள் தண்ணீர் கேனைத் தனியாகத் தூக்கிவரப் பழகியிருந்தாள். பழகியதைக் கெடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டார்.

"எந்த டாக்டர்கிட்டங்க?" என்று போனில் மனைவி கேட்டாள்.

"கடைத்தெரு முனையில, மருந்துக் கடைக்கு மேல இருக்காரே. கையாலயே முதுகெலும்பச் சரி பண்ற அந்தக் கைரோபிராக்டர்."

மனைவியின் குரல் சட்டென்று தணிந்தது.

"அங்கயாங்க? வேற எங்கயாவது... போகக்கூடாதா?"

"ஏங்க, ரொம்ப நல்லா பாப்பாரே."

"இல்ல... சரிங்க. பாத்துப் போகச் சொல்லுங்க."

எலும்பை நெட்டி முறித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாள், பாவம், என்று முதுகுக்காரர் நினைத்துக்கொண்டார்.

அந்த மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஒரு நாற்காலிகூட இல்லை. "நடந்துகொண்டே காத்திருக்கவும்" என்று ஒரு பலகை மட்டும் தொங்கியது. அதன் கீழே நாலைந்து பேர் தொலைத்ததைத் தேடுகிறவர்கள் போல வட்டமடித்துக்கொண்டிருந்தார்கள். முதுகுக்காரரும் வேறு வழியில்லாமல் சுற்றினார். ஏழாவது சுற்றில் மூச்சு வாங்கியது. இப்படி ஒரு ஆஸ்பத்திரியா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் ஆள் குட்டை. உள்ளங்கை மட்டும் இன்னொரு ஆளுடையது போல அகலமாக இருந்தது. முதுகுக்காரரைக் குப்புறப் படுக்கவைத்து, கழுத்திலிருந்து எலும்பு எலும்பாக அமுக்கிப் பார்த்தார்.

"இங்க வலிக்குதா?"

"ஆ!"

"இங்க?"

"ஆ... ஆ!"

"இங்க?"

"ஐயோ, அம்மா!"

"நான் இன்னும் அங்க கையே வைக்கல சார்."

முதுகுக்காரர் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"எழுந்திருங்க. உங்க முதுகுல ஒரு குறையும் இல்ல. எல்லாம் உங்க நாற்காலியிலதான் இருக்கு. வருஷக்கணக்கா திறக்காத கதவோட கீல் என்ன ஆகும்? இறுகிப்போகும். அதுதான் இது. நான் கையால கொஞ்சம் தளர்த்திவிடலாம். மிச்சத்தை நீங்கதான் நடந்து, குனிஞ்சு, நிமிர்ந்து பாத்துக்கணும்."

"டாக்டர், எனக்கு ஒரே ஒரு சர்டிபிகேட்..."

"எதுக்கு? நல்லா இருக்கீங்கன்னா?"

"குனியவே முடியல டாக்டர்! வேணும்னா பாருங்க" என்றார் முதுகுக்காரர். எட்டு வருடப் பழக்கம் கைகொடுக்கும் என்ற தைரியத்தில், தரையில் கிடந்த பேனாவை எடுப்பவர் போல வேகமாகக் குனிந்து, "ஆ... இடுப்பு!" என்றார்.

சுளீர் என்றது.

குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். நிமிர முடியவில்லை. பக்கவாட்டில் திரும்பவும் முடியவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பேனாவும் டாக்டரின் செருப்பும்தான்.

"டாக்டர்..." என்றார் தரையைப் பார்த்து. "இப்ப நிஜமா."

"அப்ப இவ்வளவு நேரம்?"

முதுகுக்காரர் பார்வையைச் செருப்பிலிருந்து பேனாவுக்கு மாற்றிக்கொண்டார்.

டாக்டரும் ஓர் உதவியாளரும் சேர்ந்து அவரைப் படுக்கையில் சாய்த்தார்கள். அரை மணி நேரம் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்தவரைப் பார்க்கப் போனார். மூச்சு விட்டாலே வலித்தது. இத்தனை வருடம் தான் போட்ட கூச்சலுக்கும் இந்த வலிக்கும் சம்பந்தமே இல்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. நிஜமான வலியில் கத்தவே வரவில்லை.

படுத்தபடியே யோசித்தார். வீட்டுப் படிக்கட்டு ஞாபகத்துக்கு வந்தது. தண்ணீர் கேனோடு மனைவி ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நிற்பாள். கீழே வைக்கும்போது 'டொம்' என்று கேட்கும். முதல் மாடியில் ஒரு டொம், இரண்டாம் மாடியில் ஒரு டொம். போகப் போக டொம்முக்கும் டொம்முக்கும் நடுவே நேரம் கூடிக்கொண்டே போனது. அவருக்கு அது கேட்காமல் இல்லை. கேட்டதும் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்.

டாக்டர் திரும்பி வந்து, பக்கவாட்டில் படுக்கவைத்து, நிதானமாக ஓர் அமுக்கு அமுக்கினார். 'டொக்' என்றது. உயிர் போகவில்லை, வலிதான் பாதிக்கு மேல் போனது.

"இனிமே ஒரு பொருள எடுக்கணும்னா இடுப்ப வளைக்காதீங்க. இப்படி ஒரு முட்டி போட்டு உக்காந்து, பொருள நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எழுந்திருங்க. அப்புறம் தினமும் காலையில செவுத்துல முதுகு ஒட்ட நின்னு, ரெண்டு கையையும் மேல தூக்கி இறக்குங்க."

சுவரோரம் கையைத் தூக்கி நின்றபோது இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. ஆமாம், மனைவிதான். காலையில் அடுப்படிச் சுவரில் சாய்ந்து இதே மாதிரி நிற்பாள். "என்ன, யாராவது துப்பாக்கியோட வந்துட்டாங்களா?" என்று அவர் கேட்டதற்கு அவளும் சேர்ந்து சிரித்தாள். இப்போதெல்லாம் இது டிவியில்கூட வருகிறது போல என்று விட்டுவிட்டார்.

டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். 'இவருடைய முதுகு நன்றாக இருக்கிறது. அசையாமல் இருப்பதுதான் கோளாறு. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து, தினமும் அளவாக எடை தூக்கிப் பழக வேண்டும்.'

எண் போட்டு உறையில் இட்ட ஆயிரக்கணக்கான கடிதங்களில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. தொலைந்துவிட்டது என்று மேலாளரிடம் சொல்லிவிடலாமா என்று முதலில் தோன்றியது. பிறகு அந்த 'டொம்' ஞாபகம் வந்தது. கடிதத்தை ஒழுங்காக நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

வீட்டுக்குப் போனதும் "டாக்டர் ஒரே அமுக்குல சரி பண்ணிட்டாரு, இனிமே கேன் என் பொறுப்பு" என்று சொல்லிவிடலாம். எட்டு வருடப் பொய்யை முடித்துவைக்க இன்னும் ஒரே ஒரு சின்னப் பொய். அவளும் சந்தோஷப்படுவாள். எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. யோசிக்க யோசிக்கத் தான் நல்லவன்தான் என்றுகூட அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் புது அட்டை ஒன்றை எடுத்தாள். "விலாசம் சொல்லுங்க சார்."

சொன்னார்.

"மூணாவது மாடியா? லிஃப்ட் இல்லாத பில்டிங்தான?" அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "இந்த விலாசத்துக்கு ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கே."

"இருக்காதும்மா. நான் இன்னைக்குத்தான் முதல் தடவையா வரேன்."

அவள் பின்னால் திரும்பி அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தாள். செங்கல் கனம் இருந்தது. முதல் பக்கத்தில் இருந்த உருண்டையான கையெழுத்தை அவர் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லுவார். கீழே வரிசையாகத் தேதிகள். மூன்று வருடம், எல்லாம் வியாழக்கிழமை. வியாழக்கிழமை அவர் மனைவி தையல் வகுப்புக்குப் போகிற நாள். மூன்று வருடத்தில் அவள் ஒரு தலையணை உறைகூடத் தைத்து அவர் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டதும் இல்லை.

முதுகுக்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை நாளா... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"நாங்களும் கேட்டோம் சார். வீட்டுக்காரர்கிட்ட சொல்லித் தூக்கச் சொல்லக்கூடாதான்னு டாக்டர் சத்தமே போட்டாரு" என்றாள் அந்தப் பெண். "அதுக்கு அவங்க, 'ஐயோ, அவருக்கே முதுகு சரியில்ல, எனக்கு வலின்னு தெரிஞ்சா அந்த மனுஷன் தன் வலியப் பாக்காம எல்லாத்தையும் அவரே தூக்க ஆரம்பிச்சுடுவாரு'ன்னு சொன்னாங்க."