இஸ்திரி வேண்டாத சட்டை

இனிமேல் தன் சட்டைக்காக மனைவி ஜானகியிடம் கையேந்துவதில்லை என்று சிவலிங்கம் முடிவெடுத்தபோது, அவருடைய சட்டையில் இடது பாதி மட்டும் தேய்க்கப்பட்டிருந்தது. கரண்ட் போய்விட்டது. வலது பாதி கொடியிலிருந்து எடுத்த கோலத்திலேயே கிடந்தது. கோரமண்டல் ஸ்டேஷனுக்கு, ஒயிட்ஃபீல்ட் போகும் ரயில் வரும் நேரம்.

"இன்னாடி இது, பாதி?"

"கரண்ட்காரன் பாதிக்குத்தான் குடுத்தான்."

"மீதிக்கு நான் இன்னா பண்றது?"

"வலது பக்கம் பைய மாட்டிக்கோங்க."

மாட்டிக்கொண்டு போனார். ஒயிட்ஃபீல்டில் அவருடைய கம்பெனி மேனேஜர், அவர் மகள் வயதுகூட ஆகாதவன், அவரை இடப்பக்கமிருந்து ஒருமுறையும் வலப்பக்கமிருந்து ஒருமுறையும் பார்த்தான். ஒரே சம்பளத்தில் இரண்டு ஆள் வந்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டவன் மாதிரி இருந்தது அவன் முகம். பார்த்துவிட்டு அவன்பாட்டுக்குப் போனான். சொல்லியிருந்தால் தேவலை.

அந்த வீட்டில் சட்டை என்பது வெறும் சட்டை இல்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் மகள் நிவேதா, தன்னோடு வேலை செய்யும் பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு, அப்புறம் போனில் சொன்னாள். பையன்மேல் சிவலிங்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. விசாரித்துப் பார்த்தார், குறை கிடைக்கவில்லை. ஆனால் தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெற்றவனைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து நிவேதா என்ற பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. போன் வந்தால் ஜானகி எடுத்துக்கொண்டு தெருக்குழாய்ப் பக்கம் போய்விடுவாள்.

நிவேதா உண்டானதும், கூடப் போய் இருக்கிறேன் என்று ஜானகி கேட்டாள். போகாதே என்று சிவலிங்கம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் கொடுமைக்காரன் என்று பேர் வரும். "போயேன். என் சட்டைய யாரு தேய்ப்பா?" என்றார். மசக்கையில் கேட்டாள். வளைகாப்புக்குக் கேட்டாள். பெண்ணுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் அதே சட்டை. போன மாதம் கேட்பதை நிறுத்திவிட்டாள். சிவலிங்கம் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

பாதிச் சட்டைக்கு மறுநாள், ரயிலில் ரூபேஷைப் பார்த்தார். மைன்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், பக்கத்து லைன் வீட்டுப் பையன். ரயில் கிளம்பும் மாரிகுப்பத்தில் ஏறுகிறவனுக்கு சீட்டு கிடைக்கும், கோரமண்டலில் ஏறுகிறவனுக்கு அடுத்தவன் அக்குள்தான். மாலூர் வருவதற்குள் எல்லாருடைய சட்டையும் மென்று துப்பியது மாதிரி ஆகிவிடும். ரூபேஷின் சட்டை மட்டும் அட்டைப்பெட்டியில் இருப்பது போல விறைத்து நின்றது.

"இன்னாபா, உன்னுது மட்டும் கசங்கவே இல்ல?"

"நான்-அயர்ன்ணா. தொவச்சி, பிழியாம அப்பிடியே மாட்டினா போதும். இஸ்திரி வாணாம். கரண்ட் வாணாம். கட்டினவளே வாணாம்ணா."

கடைசி வார்த்தை சிவலிங்கத்துக்குச் சாயங்காலம் வீடு திரும்பி ஜானகியிடம் அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்லும் வரை காதில் இருந்தது.

"அத்த மட்டும் வாங்காதீங்க," என்றாள் ஜானகி.

"ஏன்?"

"மூணு சட்டை காசு ஒரு சட்டைக்குக் கேப்பான்."

"கேக்கட்டும்."

"ஒடம்பு வேவும். சிமிட்டி சாக்கு போட்டுக்கினு நிக்கிற மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும்."

"இதெல்லாம் உங்களுக்கு ஒத்து வராதுங்க. நான்தான் கீறேனே, தேச்சிக் குடுக்க."

அதோடு விஷயம் முடிவானது. சனிக்கிழமை ஆண்டர்சன்பேட்டைக்குப் போய், ஒன்று வாங்கிப் போட்டுப் பார்க்கலாம் என்ற கடைக்காரரின் யோசனையைக்கூட அவமானமாக எடுத்துக்கொண்டு, சிவலிங்கம் ஐந்து வாங்கிவந்தார்.

பிழியக்கூடாது, சொட்டச் சொட்டத் தொங்கவிட வேண்டும் என்று காலருக்குள் எழுதியிருந்தது. எழுதியவன் கோரமண்டலுக்கு வந்ததில்லை. அது காற்றுக் காலம். மூடிப்போன தங்க மைனின் மணல்மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி கிளம்பி, வீடு வீடாகக் கணக்கெடுப்புக்கு வருவது போல வரும். ஈரத்தைக் கண்டால் விடாது. உள்ளே தொங்கவிடலாமென்றால், சொட்டுகிற ஐந்து சட்டைக்கு அந்த லைன் வீட்டில் இடமில்லை. முதல் சட்டையின் முதுகு சிமெண்டு நிறத்துக்கு வந்ததும், சிவலிங்கம் ஒரு போர்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு காற்று வரும் பக்கம் நின்றார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்றார்.

பக்கத்து வீட்டுத் தாமோதரன், மைன் பென்ஷன்காரர், நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டார். அவர் மனைவி பார்வதம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். சினிமாவுக்குப் போய் ரொம்ப நாளாகியிருந்தது அவர்களுக்கு.

"இன்னா சிவலிங்கம், சட்டைக்குக் காவலா?"

"இந்தச் சட்டைக்கு யாரும் தேவையில்லண்ணா. அதுபாட்டுக்கு அது காயும்."

"நீ நிக்கிறியே?"

"நான் சும்மா நிக்கிறேன்."

ஜானகி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"அப்ப நாளைலருந்து நான் தேய்க்க வாணாமா?"

"வாணாம்."

"விடியக்கால எழுந்துக்க?"

"வாணாம்."

"அவசரம்னா?"

"எந்த அவசரத்துக்கும் வாணாம். என் சட்டைக்கும் உனக்கும் இனிமே சம்பந்தமே இல்ல. போதுமா?"

"பார்வதம்மா, கேட்டுக்கினீங்களா?"

"கேட்டேம்மா."

"நீங்கண்ணா?"

"வெடிச் சத்தத்துல எனக்குக் காது போய் எத்தினியோ வருசமாச்சு," என்றார் தாமோதரன். "ஆனா இது கேட்டுது."

அந்த வாரம் சட்டை கசங்கவில்லை. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருந்தவர்தான் வெந்தார். பங்காருபேட்டை தாண்டுவதற்குள் முதுகு நனையும், நனைந்தது காயாது, காயாதது நாறும். மாலூரில் பக்கத்தில் நின்றவர்கள் அவருக்குத் தாராளமாக இடம் விட்டார்கள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒருநாள் உட்கார்ந்தே போனார். ஜானகி கேட்டால், "அருமை," என்றார். அவள் தினமும் கேட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை விடியற்காலையில் அவர் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது, ஜானகி நல்ல புடவையில், தோளில் பையோடு, வாசலில் நின்றாள்.

"எங்க?"

"நிவேதா வூட்டுக்கு."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் வீட்டுக்குள் கேட்டது. சிவலிங்கம் வாயைத் திறந்தார்.

"அப்ப என் சட்..."

மூடிக்கொண்டார். வாசலுக்கு வெளியே தாமோதரனும் பார்வதம்மாவும் காப்பித் தம்ளரோடு தயாராக நின்றார்கள்.

ரயிலில் ஜானகிக்கு சீட்டு இருந்தது. மாரிகுப்பம் வரை பின்னால் போய் ஏறி, ரூபேஷ் பிடித்துவைத்திருந்தான். அவன் கசங்கிப்போன பழைய காட்டன் சட்டையில் இருந்தான்.

"எங்கபா உன் நான்-அயர்னு?"

"அத்த எவன்ணா போடுவான், வேவுது. ஒரு வாரம் போட்டுக்கினு உங்க பக்கத்துல நில்லுன்னு ஜானகிக்கா சொன்னாங்க. நின்னேன்."

"கட்டினவளே வாணாம்னியே?"

"அதுவும் அக்கா சொல்லச் சொன்னதுதான்."

சிவலிங்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாலூர் வரை வெளியே பார்த்தார். வெளியே இன்னும் விடியவில்லை.

ஒயிட்ஃபீல்டில் இருவரும் இறங்கினார்கள். நடைமேம்பாலத்தின் இந்தப் பக்கப் படி அவர் கம்பெனிக்கு. அந்தப் பக்கப் படி நிவேதாவின் வீட்டுக்கு. ஒரு வருஷமாக தினமும் இந்தப் படியில் இறங்கியிருக்கிறார், கழுத்தை அந்தப் பக்கம் திருப்பியதில்லை.

பாலத்தின் நடுவில் ஜானகி பையை இறக்கி வைத்தாள்.

"கோவமா கீறீங்களா?"

சிவலிங்கம் குனிந்து, உடம்போடு ஒட்டிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும். கொழந்தைக்கு இன்னா பேர் வெக்கலாம்? நீங்க சொல்லுங்க."

சிவலிங்கம் நிமிர்ந்தார். ஜனங்கள் அவரை இடித்துக்கொண்டு போனார்கள். அவர் நகரவில்லை. கேட்டுவிட்டார்கள். கடைசியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்கள். சட்டென்று சொன்னால் மரியாதையாக இருக்காது என்று, கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்து யோசித்தார்.

"பையனா இருந்தா எங்கப்பா பேரு. சின்னசாமி."

"சரி."

"பொண்ணா இருந்தா அம்மா பேரு. ரத்தினம்மா. இந்தக் காலத்துக்கு ஏத்த மாதிரி ரத்னான்னு சுருக்கிக்கட்டும், எனக்கு ஆட்சேபனை இல்ல. நான் சொன்னேன்னு சொல்லு. பொறந்ததும் வந்து பாக்கறேன்னும் சொல்லு."

"வருவீங்களா?"

"வரேன்னு சொன்னா வருவேன். யாரு வேணா சாட்சி."

ஜானகி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கப் படியில் கால் வைத்தாள்.

"அப்ப இப்பவே வாங்க. பொண்ணு. பேரு மாயா. போன மாசமே பொறந்தாச்சு."