கட்டைவிரலை நம்பிய கதை

ஒரு விஷயத்தைச் சொல்லச் சொன்னால், அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதலில் சொல்லும் வியாதி எனக்கு உண்டு. அதற்கு வைத்தியம் நடந்தது சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்திலிருக்கும் செனாயில், மருத்துவக் குழாய்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில்.

அங்கே பேக்கிங் பகுதிக்கு நான் புது சூப்பர்வைசர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மறுநாள் தொழிற்சாலையில் எங்கள் தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்து; எல்லாரும் பட்டும் நகையுமாக வருவதாக ஏற்பாடு. சாயங்காலம் மேனேஜர் லெட்சுமணன் கூப்பிட்டார். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு நாளைக்கே வருகிறார்களாம். கொண்டாட்டம் அடுத்த வாரம். நாளைக்கு யூனிஃபார்ம், பூ நகை எதுவும் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லிவிடச் சொன்னார். இது ஒழுங்காக நடந்தால் என் வேலை நிரந்தரம் என்றும் சொன்னார்.

எழுதினால் இரண்டு வரி. நானோ வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டே வாட்ஸ்அப் குழுவில் ஐந்து நிமிடம் பேசி அனுப்பினேன். "அக்கா, நாளைக்கு எல்லாரும் பட்டுச்சேலை கட்டி வரணும்னு பேசி வச்சிருந்தோம்ல" என்று ஆரம்பித்து, துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் வரை போய் நான் சேலை எடுத்த கதை, பிளவுஸ் தைப்பவள் இழுத்தடித்த கதை எல்லாம் முடித்து, நான்காவது நிமிடத்தில் விஷயத்துக்கு வந்தேன். அனுப்பிய கையோடு வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. (ஐந்து நிமிடப் பேச்சை அதற்குள் எப்படிக் கேட்டார்கள் என்று யோசிக்க வேண்டாமா? நான் பெருமையில் இன்னொரு தோசை தின்றேன்.)

காலையில் பேக்கிங் பகுதி கல்யாண மண்டபமாக இருந்தது. தலை நிறைய மல்லிகையோடு சரசக்கா வந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏன் வள்ளி, நீ மட்டும் யூனிஃபார்ம்ல வந்திருக்க?" என்று பாவமாகக் கேட்டார். ஆடிட்டுக்கு வந்தவர்கள் தரையில் உதிர்ந்த ஜிகினாவைக் குனிந்து பார்த்தார்கள். மருத்துவக் குழாயில் ஒரு தூசிகூடப் படக்கூடாதே; பேக்கிங் வேலையை அதோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

மேனேஜர் எல்லாரையும் மீட்டிங் அறைக்கு வரச் சொல்லி, நேற்றுச் சொன்னாயா இல்லையா என்று கேட்டார். ரோஷத்தோடு போனை நீட்டினேன். மனிதர் எல்லார் முன்னாலும் அதைச் சத்தமாக ஓடவிட்டார். சேலை வந்தது, பிளவுஸ் வந்தது, யூனிஃபார்மும் வந்தது. அதற்குப் பிறகு நான் பேசியது எனக்கே மறந்துபோயிருந்தது.

"நம்ம பாஸ் காலையில ஒண்ணு சொல்வாரு, சாயங்காலம் ஒண்ணு சொல்வாரு லா. வீட்டுல அவங்க வைஃப் எப்படித்தான் சமாளிக்கிறாங்களோ, பாவம்."

என் பேச்சை முழுசாகக் கேட்ட முதல் ஆள் மேனேஜர்தான். அவமானத்தில் மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

"என் வைஃப் நல்லாத்தான் சமாளிக்கிறாங்க," என்றார் அவர். "ஒண்ணு சொன்னா, என்ன புரிஞ்சதுன்னு என்னையே திருப்பிச் சொல்லச் சொல்வாங்க. நீங்களும் ஒரு ஆள்கிட்டயாவது கேட்டிருக்கலாம்."

வேலை நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. செய்தி வீட்டுக்கு வந்தபிறகு, நான் வாயைத் திறந்தாலே எல்லாரும் சொல்லும் வசனம் ஒன்றுதான்: "கடைசியை முதல்ல சொல்லு."

கல்யாணமான பிறகு ஒருநாள் கிளினிக்கிலிருந்து, சிங்கப்பூரில் வேலையில் இருந்த கணவருக்குப் போன் செய்தேன். பார்க்கிங் கிடைக்காத கதையில் ஆரம்பித்தேன்.

"வள்ளி, கடைசியை முதல்ல சொல்லு லா."

"ரெட்டைப் பிள்ளைங்க."

மறுமுனையில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. உட்கார்ந்துகொண்டு, பார்க்கிங் கதையையே சொல்லச் சொன்னார்.